‘வீரா ராஜ வீரா’ சர்ச்சை: பாடினவங்க பெயர் இருக்கு, மெட்டு போட்டவர் யார்?

‘பொன்னியின் செல்வன் 2’ படத்தில் வந்த ‘வீரா ராஜ வீரா’ பாடல் வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 செப்டம்பர் 24 அன்று ஏ.ஆர்.ரஹ்மானுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அதற்கு ஐந்து மாதம் முன்னால் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரஹ்மானுக்கு எதிராக உத்தரவு போட்டிருந்தார். ஏப்ரலில் “காப்பி அடிச்சது நிரூபணம் ஆயிடுச்சு” என்றவர்கள் ஒரு பக்கம். செப்டம்பரில் “காப்பி இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு” என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் இன்னொரு பக்கம்.

செப்டம்பர் தீர்ப்பு அப்படிச் சொல்லவே இல்லை. காப்பியா இல்லையா என்ற கேள்விக்குள் அந்த அமர்வு போகவில்லை. அதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிட்டது. அந்தப் படி என்ன, அது ஏன் முக்கியம், சேத்தூரிலோ ராஜபாளையத்திலோ சொந்தமாகப் பாட்டு போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றும் ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

என்ன பாட்டு, என்ன வழக்கு?

‘பொன்னியின் செல்வன் 2’ 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. ‘வீரா ராஜ வீரா’ பாடலின் வரிகள் இளங்கோ கிருஷ்ணன். பாடியவர்கள் ஷங்கர் மகாதேவன், சித்ரா, ஹரிணி.

வழக்குப் போட்டவர் உஸ்தாத் ஃபையாஸ் வாசிஃபுத்தீன் டாகர். இந்துஸ்தானி இசையின் பழமையான வடிவங்களில் ஒன்றான துருபத் பாடகர், பத்மஸ்ரீ விருது பெற்றவர். இவருடைய அப்பா நாசிர் ஃபையாஸுத்தீன் டாகர் 1989-ல் காலமானார். பெரியப்பா நாசிர் ஜாகிருத்தீன் டாகர் 1994-ல் காலமானார். இசை உலகில் இந்த இரண்டு பேரையும் ‘ஜூனியர் டாகர் பிரதர்ஸ்’ என்பார்கள். துருபத்தில் டாகர் குடும்பத்தின் பாணிக்கு ‘டாகர்வாணி’ என்று பெயர்.

இந்தச் சகோதரர்கள் 1970-களில் அடாணா ராகத்தில் ‘சிவ ஸ்துதி’ என்ற பாடலை உருவாக்கினார்கள், உலக மேடைகளில் பாடினார்கள், ஆல்பமாகவும் வந்தது என்பது வாசிஃபுத்தீனின் வாதம். வார்த்தைகளை மாற்றிவிட்டு அதே இசையமைப்பைத்தான் ‘வீரா ராஜ வீரா’வில் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி 2023-ல் நீதிமன்றம் போனார். அவர் கேட்டது பணம் மட்டுமல்ல. அப்பா, பெரியப்பா பெயர் பாட்டோடு வரவேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கை.

ரஹ்மான் தரப்பு சொன்னது வேறு. ‘சிவ ஸ்துதி’ துருபத் மரபைச் சேர்ந்தது. அந்த மரபு பொதுச்சொத்து. ‘வீரா ராஜ வீரா’ மேற்கத்திய இசை அடிப்படைகளோடு 227 தனித்தனி அடுக்குகள் சேர்த்து உருவாக்கப்பட்ட சொந்தப் படைப்பு என்றார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. படப் பாடலின் கிரெடிட்டில் ஏற்கெனவே ‘டாகர்வாணி மரபு துருபத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மரபின் பெயர் இருந்தது, மனிதர்களின் பெயர் இல்லை. சண்டையின் மையமே அந்த இடைவெளிதான்.

ஏப்ரல் 25: முதல் உத்தரவு

நீதிபதி பிரதிபா எம். சிங் 2025 ஏப்ரல் 25 அன்று இடைக்கால உத்தரவு கொடுத்தார். ஒரு ராகம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த ராகத்துக்குள் ஒருவர் கட்டும் குறிப்பிட்ட இசையமைப்புக்குக் காப்புரிமை உண்டு என்பது அவர் எடுத்த நிலை. சாதாரண ரசிகரின் காதில் வைத்துப் பார்த்தால் ‘வீரா ராஜ வீரா’ வெறும் தாக்கம் பெற்ற பாட்டு இல்லை, ஸ்வரத்திலும் உணர்விலும் ‘சிவ ஸ்துதி’யோடு ஒத்துப்போகிறது என்றார்.

அவர் போட்ட உத்தரவில் மூன்று விஷயங்கள்:

ஒன்று, ‘டாகர்வாணி மரபு’ என்ற கிரெடிட்டை மாற்றி, மறைந்த இரண்டு உஸ்தாத்களின் பெயரையும் ‘சிவ ஸ்துதி’யையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டு, ரஹ்மானும் படத் தயாரிப்பு நிறுவனங்களும் 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் டெபாசிட் செய்ய வேண்டும்.

மூன்று, வழக்குச் செலவாக டாகர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தர வேண்டும்.

ரஹ்மான் மேல்முறையீடு போனார். மே 6 அன்று மேல் அமர்வு இந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

செப்டம்பர் 24: மேல் அமர்வு எங்கே நின்றது?

நீதிபதிகள் சி. ஹரி சங்கர், ஓம் பிரகாஷ் சுக்லா அமர்வு தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்தது. அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: ஜூனியர் டாகர் பிரதர்ஸ் ‘சிவ ஸ்துதி’யைப் பாடினார்கள், சரி; அவர்கள்தான் அதை உருவாக்கினார்கள் என்பதற்கு முதல்கட்ட ஆதாரம் எங்கே?

பாடுவது வேறு, படைப்பது வேறு. ஒருவர் ஒரு பாட்டை மேடையில் பாடியதையும் பதிவு செய்ததையும் வைத்து அவர்தான் அதன் ஆசிரியர் என்று முடிவு செய்ய முடியாது என்றது அமர்வு. ஆசிரியர் யார் என்பதே முதல் பார்வையில் நிலைநாட்டப்படாதபோது, காப்பி அடித்தார்களா என்ற அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதில்லை என்று அங்கேயே முடித்துக்கொண்டது.

இதுவும் இடைக்காலக் கட்டத்தில் வந்த தீர்ப்புதான். முழு விசாரணையில் சாட்சி, ஆவணம், இசை நிபுணர் கருத்து எல்லாம் பார்த்துச் சொல்லும் இறுதி முடிவு என்பது தனி. அதனால் “ரஹ்மான் ஜெயிச்சுட்டார்” என்று சொன்னால் பாதி உண்மை. “காப்பி இல்லைன்னு தீர்ப்பு” என்று சொன்னால் அது உண்மையே இல்லை.

ரசிகர்கள் ஒன்றாகக் கலக்கும் மூன்று கேள்விகள்

இந்த மாதிரி விவாதம் சூடானால் ஒரே பதிவின் கீழே மூன்று வேறு வேறு கேள்விகளுக்கு ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தானாகக் குறையும்.

முதல் கேள்வி: ரெண்டு பாட்டும் கேக்க ஒரே மாதிரி இருக்கா? இது காதுக்கான கேள்வி. யூடியூபில் ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டி நீங்களே முடிவு செய்யலாம்.

இரண்டாவது கேள்வி: அந்தப் பழைய பாட்டு யாருடையது? இது ஆதாரத்துக்கான கேள்வி. பாடியவர் காலமாகிவிட்டால், எழுதி வைத்த குறிப்பு இல்லாவிட்டால், இதற்குப் பதில் சொல்வது மிகக் கஷ்டம்.

மூன்றாவது கேள்வி: பெயர் போடுவது, பணம் கொடுப்பது இரண்டும் ஒன்றா? இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் பணம் சார்ந்த உரிமையை விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ‘இது நான் செய்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். சட்டத்தின் 57-வது பிரிவு அதைத் தார்மீக உரிமையாகத் தனியாக வைத்திருக்கிறது. படைத்தவர் மறைந்த பிறகு அவருடைய சட்டப்பூர்வ வாரிசுகளும் அந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றம் வரலாம்.

ஏப்ரல் உத்தரவு முதல் கேள்வியில் அதிக நேரம் செலவிட்டது. செப்டம்பர் தீர்ப்பு இரண்டாவது கேள்வியைத் தாண்டவில்லை. ரசிகர்களோ மூன்றாவது கேள்விக்குக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ராகம் ஒண்ணுதானே, அப்புறம் என்ன?” - சேத்தூரிலிருந்து ஒரு விளக்கம்

ரஹ்மான் ரசிகர்கள் அதிகம் சொன்ன வாதம் இது: “ஒரே ராகத்துல நூறு பாட்டு இருக்கு. அதெல்லாம் காப்பியா?” நியாயமான கேள்விதான். இதைப் புரிந்துகொள்ள டெல்லி வரை போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் ரோட்டில் இருக்கும் சேத்தூரே போதும்.

சேத்தூரின் பழைய எழுத்து ‘சேற்றூர்’. இங்கே ஜமீன் இருந்த காலத்தில் சமஸ்தானப் புலவராக இருந்தவர் ராமசாமிக் கவிராயர். அவரிடம் தமிழ் படித்தவர்களில் ஒருவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். பிறகு ஊத்துமலை ஜமீன் ஆதரவில் இருந்துகொண்டு கழுகுமலை முருகன் மேல் காவடிச் சிந்து பாடினார். இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். ஆனால் தென் மாவட்டங்களில் காவடி எடுக்கும் பாதையெல்லாம் அவர் பாட்டு இன்றும் கேட்கிறது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, காவடிச் சிந்து என்ற வடிவம். அந்த நடை, அந்தச் சந்தம், காவடி ஆடும் காலுக்கு ஏற்ற அந்தத் துள்ளல். இது அச்சு மாதிரி. அதில் யாரும் புதுப் பாட்டு வார்க்கலாம். சிந்து வடிவத்தைப் பாரதியாரும் கையாண்டார். அதற்காக அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, அண்ணாமலை ரெட்டியார் எழுதிய குறிப்பிட்ட பாட்டு. அதே பாட்டை எடுத்து, முருகனுக்குப் பதில் ஒரு ராஜா பெயரை வைத்து, ‘இது என் பாட்டு’ என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? ‘காவடிச் சிந்து மரபு’ என்று மட்டும் போட்டு அவர் பெயரை விட்டுவிட்டால் சென்னிகுளத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

ராகம், தாளம், துருபத் பாணி எல்லாம் முதல் வகை. ‘சிவ ஸ்துதி’ இரண்டாவது வகை என்பது டாகர் தரப்பு. அது முதல் வகையிலேயே கரைந்துபோன ஒன்று என்பது ரஹ்மான் தரப்பு. வழக்கு முழுக்க இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேல் அமர்வின் எச்சரிக்கையில் அர்த்தம் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, பல தலைமுறையாகக் கோயில் திருவிழாவில் பாடிவந்த ஒரு பாட்டை 1970-களில் ஒரு குழு முதல்முறையாக கேசட்டில் பதிவு செய்தது என்று வைத்துக்கொள்வோம். ‘முதலில் பதிவு செய்தவர்தான் ஆசிரியர்’ என்றால், அந்தக் குழுவின் வாரிசுகள் இன்று மற்ற எல்லாக் குழுக்களிடமும் பணம் கேட்கலாம். ஊர்ப் பொதுவில் இருந்த பாட்டுக்கு ஒரே வீட்டில் பட்டா போட்ட மாதிரி ஆகிவிடும். பாடினவரை எல்லாம் படைத்தவராக ஆக்கினால், நிஜமாகப் படைத்த பழைய, பெயர் தெரியாத ஒருவரின் உழைப்பும் அதில் காணாமல் போகும்.

ஆக, ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. ‘மரபு’ என்ற ஒரே சொல்லில் தனி மனிதரின் உழைப்பு கரைவது ஒன்று. தனி மனிதரின் பெயரில் மரபுக்கு வேலி போடுவது இன்னொன்று.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

மறைந்த கலைஞரின் சார்பில் குடும்பம் வழக்குப் போடுவது புதுசு இல்லை. மூன்று உதாரணங்கள் போதும்.

அமெரிக்கப் பாடகர் மார்வின் கே 1984-ல் காலமானார். அவருடைய 1977 பாடல் ‘காட் டு கிவ் இட் அப்’ மாதிரியே ‘பிளர்ட் லைன்ஸ்’ இருக்கிறது என்று வாரிசுகள் வழக்கில் இறங்கினார்கள். 2015-ல் ஜூரி குடும்பத்தின் பக்கம் நின்றது. 74 லட்சம் டாலர் வரை இழப்பீடு பேசப்பட்டு, பிறகு சுமார் 53 லட்சம் டாலராகக் குறைந்தது. 2018-ல் மேல்முறையீட்டிலும் குடும்பமே வென்றது. ‘பாட்டின் ஃபீல் ஒரே மாதிரி இருந்தாலே தப்பா?’ என்று இசைக்கலைஞர்கள் பலர் அப்போது பயந்தார்கள்.

எட் ஷீரனின் ‘திங்கிங் அவுட் லவுட்’ பாட்டுக்கும் மார்வின் கேயின் ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’ பாட்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று, அந்தப் பாட்டை அவரோடு சேர்ந்து எழுதிய மறைந்த எட் டவுன்செண்டின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 2023 மே 4 அன்று நியூயார்க்கில் ஜூரி ஷீரன் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்த கார்டு வரிசை எல்லா இசைக்கலைஞர்களுக்கும் பொதுவான செங்கல் என்பது ஷீரன் தரப்பு வாதம். ‘ராகம் ஒண்ணுதானே’ என்பதன் மேற்கத்திய வடிவம் இது.

மூன்றாவதுதான் மனதைப் பிசைவது. தென்னாப்பிரிக்க ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939-ல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதன் உரிமை வெறும் 10 ஷில்லிங்குக்குக் கைமாறியது. அதே மெட்டு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆகி உலகம் சுற்றியது, டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ வரை வந்தது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். மகள்கள் வழக்குப் போட்டு, 2006-ல்தான் சமரசம் ஏற்பட்டது. ஆப்பிரிக்க நாட்டுப்பாடல் என்ற பொதுப் பெயருக்குள் ஒரு தனி மனிதரின் பெயர் அரை நூற்றாண்டுக்கு மேல் புதைந்து கிடந்தது.

“ரஹ்மான் அப்படிப்பட்டவர் இல்லை”

இது ரசிகர்களின் இன்னொரு வாதம். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் வலுவானது. 2024-ல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏஐ மூலம் ரஹ்மான் கொண்டுவந்தார். சாகுல் ஹமீது 1997-ல் இறந்தவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் இறந்தவர். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, அதற்குரிய தொகையும் அனுப்பியதாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். இறந்தவரின் குரலுக்குக்கூட அனுமதி கேட்டவர், இறந்தவரின் மெட்டைச் சொல்லாமல் எடுப்பாரா என்பது ரசிகர்களின் கேள்வி.

கேள்வி சரி, ஆனால் அது சட்டத்துக்கான பதில் இல்லை. ஒருவரின் நல்ல பழக்கம் அவர் மேல் மரியாதையைக் கூட்டும். ஒரு குறிப்பிட்ட மெட்டு யாருடையது என்பதை அது நிரூபிக்காது. அதே மாதிரி, “டாகர் குடும்பம் காசுக்காகத்தான் வந்திருக்கு” என்ற கமென்ட்டும் எதையும் நிரூபிக்காது. அப்பா பெயர் வரணும் என்று மகன் கேட்பதைக் கேலி செய்ய என்ன இருக்கு?

நம் ஊர் விவாதங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘மஞ்ஞும்மள் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு காதலன்’ வந்ததற்கு 2024-ல் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது, ராஜாவா தயாரிப்பாளரா என்று இரண்டு அணியாகப் பிரிந்து பேசினோம். வரிகளை எழுதிய வாலி 2013-லேயே மறைந்துவிட்டார். அந்த விவாதத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் நினைவுக்கு வந்தது? சட்டப்படி இசையும் வரிகளும் இரண்டு தனிப் படைப்புகள். காப்புரிமைச் சட்டம் ‘இசைப் படைப்பு’ என்று சொல்லும்போது அதில் பாட்டின் வார்த்தைகள் சேராது. அதே ஆண்டு, இளையராஜா சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றமே எழுப்பியது.

வாய்ப்பாட்டுக்கு எழுத்து ஆதாரம் எங்கே போகும்?

டாகர் குடும்பத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. துருபத் குரு வாயால் பாடி, சிஷ்யன் காதால் வாங்கும் மரபு. ‘இந்தப் பாட்டை இன்ன தேதியில் நான் அமைத்தேன்’ என்று எழுதி வைக்கும் வழக்கம் அதில் குறைவு. சட்டமோ எழுத்தை நம்புகிறது.

இது எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1957 காப்புரிமைச் சட்டத்தின் பழைய வரையறைப்படி, ஒரு மெட்டு அச்சிலோ எழுத்திலோ குறியீட்டிலோ இருந்தால்தான் அது ‘இசைப் படைப்பு’. 1994 திருத்தத்தில்தான் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை போனது. சட்டம் இறங்கி வந்துவிட்டது. ஆனால் யார் உருவாக்கினார் என்று நிரூபிக்கும் சுமை அப்படியே இருக்கிறது. ஆல்பத்தின் அட்டையில் ‘பாடியவர்’ என்று பெயர் இருந்தால் அது பாடியதற்குச் சாட்சி, அவ்வளவுதான். ‘இசையமைப்பு’ என்று பெயர் அச்சாகியிருந்தால், மாற்று ஆதாரம் வரும்வரை அவரையே ஆசிரியராக எடுத்துக்கொள்ள 55-வது பிரிவு வழி தருகிறது. பல கோடி ரூபாய் வழக்கின் போக்கை மாற்ற ஒரு சின்ன வார்த்தை போதும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாட்டுக்குள்ளேயே பெயரை வைத்துவிடுவது. சேத்தூரிலிருந்து ராஜபாளையம் தாண்டினால் வரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் செய்தது அதுதான். திருப்பாவையின் முப்பதாவது பாசுரத்தில், தான் புதுவையைச் சேர்ந்த பட்டர்பிரானின் மகள் கோதை என்று சொல்லி முடிக்கிறாள். ஊர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றும் பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. கர்நாடக இசையில் தியாகராஜர் தன் பெயரையும், முத்துசுவாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்ற சொல்லையும் கீர்த்தனைக்குள் வைத்தார்கள். இதை ‘முத்திரை’ என்பார்கள். யார் பாடினாலும், எந்த ஊரில் பாடினாலும், எத்தனை நூற்றாண்டு கழித்துப் பாடினாலும் கிரெடிட் கூடவே போகும். வார்த்தையை மாற்றினால்தான் முத்திரை போகும். படப்பாடல்களில் முதலில் மாறுவது வார்த்தைதான்.

காலக்கெடுவும் முக்கியம். இந்தியாவில் இசை, வரிகளுக்கான காப்புரிமை படைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டிலிருந்து கணக்கு. டாகர் சகோதரர்கள்தான் ஆசிரியர்கள் என்று நிலைநாட்டப்பட்டால் உரிமை 2054 வரை இருக்கும். அண்ணாமலை ரெட்டியாரின் பாட்டு எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டது. யாரும் பயன்படுத்தலாம், பணம் தர வேண்டியதில்லை. அதனால் அவர் பெயரைப் போடுவதில் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

சொந்தப் பாட்டு போடுபவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரகாட்டக் குழுவுக்குப் பாட்டு கட்டுபவர், கல்லூரி பேண்டில் மெட்டு போடுபவர், வீட்டிலிருந்தே ராப் எழுதி ரீல்ஸ் போடுபவர், யாராக இருந்தாலும் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள சில விஷயம் இருக்கிறது.

முதல் வடிவத்தை அழிக்காதீங்க. போனில் முணுமுணுத்துப் பதிவு செய்த முதல் ஆடியோ, தேதியோடு இருக்கும். அதை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்தாலும் ஒரு தடயம் இருக்கும்.

‘பாடியவர்’ என்று மட்டும் போடாதீங்க. வரிகள் யார், மெட்டு யார், இசைக்கோர்ப்பு யார், பாடியவர் யார் என்று நான்கு வரியாக டிஸ்கிரிப்ஷனில் எழுதுங்க. ஒரே ஆள் எல்லாம் செய்திருந்தாலும் நான்கு இடத்திலும் பெயர் வரட்டும்.

நண்பர்கள் சேர்ந்து பாட்டு செய்தால், யாருக்கு என்ன பங்கு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்க. பாட்டு ஹிட் ஆவதற்கு முன்னால் இதைப் பேசுவது சுலபம். ஹிட் ஆன பிறகு பேசினால் அது பஞ்சாயத்து.

பாட்டி பாடின தாலாட்டையோ ஒப்பாரியையோ எடுத்துப் பயன்படுத்தினால், ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் போடாமல் யாரிடமிருந்து, எந்த ஊரில் கேட்டது என்று எழுதுங்க. அவர் அதை உருவாக்கியவரா, கேட்டுப் பாடியவரா என்று அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். ஓர் இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயம் இல்லை, பாட்டு உருவான உடனேயே உரிமை வந்துவிடும். ஆனால் தகராறு வந்தால் பதிவேட்டில் இருப்பது முதல்கட்ட ஆதாரமாக நிற்கும். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ராயல்டி வசூலுக்கு ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினர் ஆகலாம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, படப்பாட்டாக இருந்தாலும் தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் இவர்களுக்குப் பங்கு உண்டு. அதை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்க வைக்கவும் முடியாது.

ரசிகர்கள் என்ன செய்யலாம்?

யார் பக்கம் நின்றாலும், ஒரு தீர்ப்பை ஷேர் செய்வதற்கு முன்னால் அது மேலே சொன்ன மூன்று கேள்விகளில் எதற்குப் பதில் சொன்னது என்று பாருங்க. இந்த வழக்கில் ஏப்ரலில் வந்ததும் இறுதி முடிவு இல்லை, செப்டம்பரில் வந்ததும் ‘காப்பி இல்லை’ என்ற சான்றிதழ் இல்லை.

‘வீரா ராஜ வீரா’ பிடிக்கும் என்றால், அடுத்ததாக டாகர் சகோதரர்களின் ‘சிவ ஸ்துதி’யையும் ஒருமுறை கேளுங்க. ஒரு கச்சேரிப் பாடலின் நிதானத்தையும் ஒரு படப்பாட்டின் வேகத்தையும் அடுத்தடுத்து கேட்டால், எது மரபு, எது டாகர், எது ரஹ்மான் என்று உங்க காதுக்கே ஒரு கருத்து தோன்றும். கமென்ட் போட அது போதும். நீதிமன்றத்துக்கு அது போதாது. அங்கே, 30 ஆண்டுக்கு முன்பே மறைந்த இரண்டு பேரின் பெயருக்குப் பக்கத்தில் ‘பாடியவர்’ என்று இருக்கிறதா, ‘இசையமைத்தவர்’ என்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.